நாக ஒட்சைட்டும் என் வேட்டியும்

இணுவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள குகன்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் போடப் பிந்தியது தங்கையின் மகனால்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தவன் எங்கள் வீட்டில்தான் நின்றான். லேசர் ஆய்வுகூடத்தில் வேலை. வாயைத் திறந்தால் நனோத்துணிக்கைதான், கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய துகள்கள்.

நாற்றுமேடைக்கு மேல் நான் கட்டிய பொலித்தீன் ஒரு கோடைக்கே அப்பளம்போல நொறுங்கிக் கிடந்தது. "மாமா, இது வெயிலில் வரும் கழியூதாக் கதிரின், அல்ட்ரா வயலட்டின் வேலை" என்றவன், பையிலிருந்து இரண்டு படலத் துண்டுகளை எடுத்தான். ஒன்று வெறும் பல்பகுதியம், அதாவது பொலிமர்; பெயர் பொலிவைனைல் அற்ககோல். மற்றதற்குள் கழியூதாவை விழுங்கவென்று நாக ஒட்சைட்டுத் துணிக்கைகள், நாம் ஏ.எல்.லில் பாடமாக்கிய அதே சிங்க் ஒக்சைட். இரண்டாவதில் இலேசான புகைமூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம்.

காசுத்தாள் பார்க்கிற நீலக் கழியூதா ரோச் ஒன்று என்னிடம் இருக்கிறது. சலவைத் தூள் போட்டுத் தோய்த்த வேட்டியில் அடித்தால் பளீரென்று ஒளிரும். நாக ஒட்சைட்டுப் படலத்தை இடையில் பிடித்தேன். வேட்டி அப்படியே ஒளிர்ந்தது! நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் பேசாமல் தன் ரோச்சை எடுத்து அடித்தான். இப்போது படலத்துக்குப் பின்னால் வேட்டி மங்கிப்போனது. விஷயம் இதுதான்: என்னுடைய ரோச்சின் ஒளி அலைநீளம் 395 நனோமீற்றர், அவனுடையது 365. நாக ஒட்சைட்டு ஏறக்குறைய 370க்குக் கீழே உள்ளதைத்தான் விழுங்கும். நான் படிப்பித்த பௌதிகத்தில் எனக்கே அடி.

சரி, இந்தப் படலம் செய்ய லேசர் எதற்கு என்று கேட்பாய். நாக ஒட்சைட்டு மாவை வாங்கிப் பல்பகுதியத்தில் கலந்தால் என்ன? கட்டிபட்டுவிடும், மச்சான். ஒடியல் மாவை ஊறவிடாமல் கூழுக்குள் கொட்டினால் என்னவாகும்? அதே கதைதான். துணிக்கை சிறுக்கச் சிறுக்க ஒன்றோடொன்று ஒட்டப் பார்க்கும். ஒட்டினால் படலம் வெளிறும், கட்டி இருக்கிற இடத்தில் கிழியும். இவர்கள் நாகத் தகட்டைத் தண்ணீருக்குள் வைத்து, 1064 நனோமீற்றர் லேசரை விநாடிக்கு 10 தடவை அடிக்கிறார்கள். ஒவ்வோர் அடியும் சில நனோவிநாடிதான். அடிபட்ட இடம் ஆவியாகி, மின்னேற்றம் பெற்ற சூடான வாயுவான பிளாஸ்மாவாக வெடித்து, தண்ணீரில் குளிர்ந்து ஒட்சைட்டுத் துணிக்கையாகிறது. உலராமல் தண்ணீருக்குள்ளேயே பிறப்பதால் அவை பிரிந்தே நிற்கும்; வேறு இரசாயனம் சேர்க்கவும் தேவையில்லை. அந்தத் தண்ணீரைப் பல்பகுதியக் கரைசலோடு கலந்து, கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவிட்டால் படலம்.

உடனே நாற்றுமேடைக்குக் கேட்டேன். தலையை ஆட்டிவிட்டான். நாள் முழுக்க லேசர் அடித்தாலும் கிடைப்பது மில்லிகிராம் கணக்குத்தானாம். அந்தப் பல்பகுதியமும் நம் மாரிக்குத் தாங்காது. அதைவிடப் பெரிய வில்லங்கம், நாக ஒட்சைட்டு கழியூதாவை விழுங்கிவிட்டுச் சும்மா இருக்காது. தன்னைச் சுற்றியுள்ள பல்பகுதியத்தையே அரிக்கத் தொடங்கும். அதனால் துணிக்கைக்கு மேலே சிலிக்காவால் சட்டை போடுகிறார்களாம். காவல்காரனுக்கே காவல்!

மனைவி உன்னையும் பிள்ளைகளையும் விசாரித்தா. முழங்கால் வலிக்கு அங்கே என்ன மருந்து தந்தார்கள் என்று எழுது. மார்கழியில் வருவதாக இருந்தால் எனக்கு ஒரு ரோச் வாங்கி வா. 365 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கு.

அன்புடன்,
பாலன்