பெயரைச் சொல்லும் முன் பார்க்க விடு

அன்புள்ள கயல்,

ஜூன் மாதத்திலிருந்து மியூசியத்தில் சனிக்கிழமை வகுப்புகள் உன் பொறுப்பு என்று படித்ததில் ரொம்பச் சந்தோஷம். 10 முதல் 14 வயது வரை 24 பிள்ளைகள், 2 மணி நேரம், மூன்று மைக்ராஸ்கோப். தாராளமாகப் போதும். ஆனால் முதல் நாளே கூடம் முழுக்கச் சுற்றிக்காட்டுவதாகத் திட்டத்தில் போட்டிருக்கிறாயே, அதை எடுத்துவிடு. நாற்பது கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்த பிள்ளைக்கு வீடு போய்ச் சேரும்போது ஒன்றும் மனதில் நிற்காது. ஒரே பொருளை 20 நிமிடம் பார்க்கட்டும், வரையட்டும். பெயரை அப்புறம் சொல். பெயர் தெரிந்துவிட்டால் பிள்ளைகள் அதோடு பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள்.

மைக்ராஸ்கோப் வகுப்புக்கு எல்லோரும் வெங்காயத் தோலைத்தான் எடுப்பார்கள். அதைவிட ரியோ என்ற அழகுச் செடியின் இலை நல்லது. மேல்பக்கம் பச்சை, அடிப்பக்கம் ஊதா. பெங்களூரில் எந்த நர்சரியில் கேட்டாலும் தொட்டியோடு கிடைக்கும். செல்லுக்குள்ளேயே ஊதா நிறம் இருப்பதால் சாயம் வேண்டாம். இலையை ஊதாப் பக்கம் மேலாகப் பிடித்துச் சாய்வாகக் கிழித்தால், கிழிந்த ஓரத்தில் மெல்லிய தோல் ஒன்று நீட்டிக்கொண்டு நிற்கும். அதில் 5 மி.மீ. துண்டு போதும். ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீர், அதில் தோல், அதன்மேல் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடித் துண்டு. கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பு முதலில் தண்ணீரைத் தொட வேண்டும், பிறகு ஊசியால் தாங்கி மெதுவாக இறக்க வேண்டும். அப்படியே தட்டையாகப் போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும். தடித்த கருப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிந்தால் அது குமிழி. முதல் நாளில் அதைத்தான் பலரும் செல் என்று ஆசையாக வரைவார்கள். திட்டாதே, இன்னொரு ஸ்லைடு போடச் சொல். உண்மையான செல்கள் பல கோணங்களோடு ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். நடுநடுவே ஊதா இல்லாமல் பச்சைப் புள்ளிகளோடு தெரிவது இலைத்துளை.

எப்போதும் 4 மடங்கு லென்ஸில் தொடங்கட்டும். 40 மடங்குக்குப் போன பிறகு ஃபோகஸ் செய்யும் பெரிய திருகில் கை வைக்கவே கூடாது. வைத்தால் ஸ்லைடு உடையும், லென்ஸும் கீறிப்போகும். பார்த்து வரைந்து முடித்ததும் 100 மி.லி. தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு விடு. எதிர் ஓரத்தில் டிஷ்யூ தாளை வைத்தால் உப்புத் தண்ணீர் உள்ளே இழுபடும். சில நிமிடங்களில் ஊதா சுருங்கிச் செல்சுவரை விட்டு விலகும். உப்பில் போட்ட மாவடு ஏன் சுருங்குகிறது என்று அப்போது கேள். பதில் அவர்களிடமிருந்தே வரும். ரியோ சாறு சிலருக்கு அரிக்கும், கடைசியில் எல்லோரும் கை கழுவட்டும்.

கை லென்ஸ் 10 மடங்கு போதும். லென்ஸைப் பூவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் தூரத்திலிருந்து எட்டிப் பார்ப்பதுதான் வழக்கமான தப்பு. லென்ஸ் கண்ணை ஒட்டி இருக்க வேண்டும், பூதான் அதை நோக்கி வர வேண்டும்.

தொட்டுப் பார்க்கும் மேஜை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இரு. பழைய பாடம்செய்த பறவை, விலங்கு எதையும் அதில் வைக்காதே. அந்தக் காலத்தில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்செனிக் சோப்பு தடவினார்கள். அந்த விஷம் இன்னும் தோலிலும் இறகிலும் இருக்கும். பிள்ளைகள் வீட்டிலிருந்து எதையாவது எடுத்து வருவார்கள். ஆமை ஓடு, சில வகைக் கடல் சங்குகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. ஆகவே விதை, காய், பட்டை, கல் இவை மட்டும் என்று முன்கூட்டியே பெற்றோருக்கு எழுதிவிடு.

பெயர் சொல்லும் நேரம் வந்தால் கவனம். அல்சூர்ப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். கன்னடத்தில் அரளி என்றால் நம் அரச மரம். நமக்கு அரளி முழுக்க விஷச் செடி, அதை அவர்கள் கணகிலே என்பார்கள். ஒரே சொல், இரண்டு செடி. ஃபைகஸ் ரிலிஜியோசா, நீரியம் ஒலியாண்டர் என்று இரண்டையும் பலகையில் எழுது. லத்தீன் பெயர் எதற்கு என்ற கேள்வியே வராது. கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரத்துக்கு மட்டும் இந்தப் பாடு வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் கீழே நிறுத்தினால் இலை மடிவதைப் பார்த்துப் பிள்ளைகளே பெயர் வைத்துவிடுவார்கள்.

ஒரு வகுப்பை லால்பாக் பூங்காவின் பாறையில் வை. சுமார் 300 கோடி ஆண்டு வயதான, நைஸ் (gneiss) என்ற பட்டை பட்டையான பாறை அது. கருப்புப் பட்டையில் பயோடைட் மைக்கா, வெளுத்த பட்டையில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள். முதலில் பட்டைகளை வரையட்டும். பிறகு வயதைக் காட்ட 5.5 மீட்டர் புடவை ஒன்றை விரி. 1 மி.மீ. என்பது 10 லட்சம் ஆண்டு, முந்தானை ஓரம்தான் இன்று. அங்கிருந்து 4.54 மீட்டரில் பூமி பிறக்கிறது, மிச்சத்தை மடித்துவிடு. 3 மீட்டரில் அவர்கள் நிற்கும் பாறை. 6.6 செ.மீ.யில் டைனோசர் காலம் முடிகிறது. மனிதனுக்குக் கிடைப்பது 0.3 மி.மீ., ஏறக்குறைய ஒரு நூலிழை. அந்த இழையை லென்ஸால் தேடிக் கண்டுபிடிக்கச் சொல். இந்த இடங்களில் எல்லாம் சேஃப்டி பின் குத்து. துணியை இழுத்துப் பிடிக்காதே, நீண்டு கணக்குத் தப்பும்.

வெயில் ஏறினால் பாறை சுடும், காலை 8 மணிக்கே கூட்டிப் போ. பட்டு வழுக்கும், நூல் புடவையாக எடு. என் பச்சைச் சுங்குடி உன் அலமாரியில்தானே இருக்கிறது? பின் குத்தினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா