ஒரு செமஸ்டர்தான் என்றாலும் போ, கண்ணா

அன்பு மகனுக்கு,

"லீவில் போகும் பேராசிரியருக்குப் பதிலாகத்தானேம்மா கூப்பிடுகிறார்கள், ஒரே ஒரு செமஸ்டர்" என்று போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. பேசினால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கும் அழுகை வரும். அதனால் எழுதுகிறேன். பிட்ஸ்பர்கை விட்டுப் போனபின் நீ பேஸ்பால் பார்ப்பதையே விட்டுவிட்டாய். ட்ரூ மேகி என்ற பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றி முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

2010இல் நம்ம பிட்ஸ்பர்க் அணி பைரேட்ஸ்தான் அவரை 15ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தது. அப்புறம் 13 சீசன், பெரிய அணிகள் ஆடும் மேஜர் லீக்குக்குக் கீழே இருக்கிற மைனர் லீக்கிலேயே 1,155 ஆட்டம். நடுவில் எத்தனையோ ஊர், எத்தனையோ அணி. 2021 செப்டம்பரில் மினசோட்டா ட்வின்ஸ் அணி அவரை மேலே, மேஜர் லீக்குக்கு அழைத்துச் சீருடையும் கொடுத்தது. ஆனால் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டது. எனக்கு அதைப் படித்தபோது பந்தியில் உட்காரவைத்து இலையைப் போட்டுவிட்டு எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. அந்தப் பிள்ளை அதற்குப் பிறகும் விளையாடினார். 33 வயதில், தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு, பைரேட்ஸின் மைனர் லீக் அணி இருக்கும் ஆல்டூனாவில்.

ஆல்டூனா உனக்கு நினைவிருக்கும். வலது பக்க வேலிக்குப் பின்னால் ரோலர் கோஸ்டர் தெரியுமே, அந்த மைதானம். ஆட்டத்தைவிட அதைத்தான் நீ அதிகம் பார்த்தாய். நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை. 2023இல் அந்த டபுள்-ஏ மட்டத்தில், அதாவது மைனர் லீக்கின் இரண்டாம் படியில், ஒரு வருஷத்துக்கு அடிப்படைச் சம்பளம் 30,250 டாலர். மைனர் லீக் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து முதல் ஒப்பந்தம் போட்டதால்தான் அந்த வருஷம் அதுவும் கிடைத்தது. அப்போது மேஜர் லீக்கில் குறைந்தபட்சமே 7,20,000 டாலர். தூரத்தில் இரண்டு மணி நேரம், சம்பளத்தில் இவ்வளவு பள்ளம்.

அந்த ஏப்ரலில் பைரேட்ஸின் முன்னணி ஆட்டக்காரர் பிரையன் ரெனால்ட்ஸ் வீட்டில் ஒரு துக்கம். அவர் விடுப்பில் போனார். அந்த விடுப்பு அதிகபட்சம் ஏழு நாள்தான். அவர் இடத்துக்குத்தான் மேகியை அழைத்தார்கள். இன்னொருவர் வீட்டுத் துக்கத்தில் திறந்த இடம், சில நாளில் மூடிவிடும் என்பது மேகிக்கும் தெரியும். ஆல்டூனா அணியின் மேலாளர் கேலிக்ஸ் கிராப் எல்லார் முன்னாலும் செய்தியைச் சொன்னார். கிராபும் 2008இல் சான் டியாகோவுக்காக 21 ஆட்டம் மட்டும் மேலே ஆடியவர்தான். அதை எடுத்த வீடியோவில் அறையே துள்ளிக் குதிக்கிறது. வந்து போகும் இடம்தானே என்று அங்கே ஒருவர் முகத்திலும் இல்லை.

ஏப்ரல் 26, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியோடு ஆட்டம். அப்பாவும் நானும் டிவியில் பார்த்தோம். எட்டாவது இன்னிங்ஸில் நம்ம ஆட்டக்காரர் மக்கட்சனுக்குப் பதிலாக மேகி மட்டையோடு வந்தார். மைதானமே எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. பந்தை அடிக்க முடியாமல் ஸ்ட்ரைக் அவுட் ஆனார். நான் அப்போது அவருடைய அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் அந்த அம்மாவிடம் எத்தனை பேர் "பையன் இன்னும் அங்கேதான் இருக்கிறானா?" என்று கேட்டிருப்பார்கள்! என்னையும் கேட்கிறார்கள், கண்ணா. கேட்கட்டும். நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று நான் அவர்களுக்கு விளக்குகிறேன்.

மூன்று நாள் கழித்து வாஷிங்டனில் அவருக்கு முதல் ஹிட், பந்தை அடித்துவிட்டு ஓடிச் சேர்ந்தார். ரெனால்ட்ஸ் அதே வாரம் எட்டு வருஷத்துக்கு 106.75 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார். அவருடைய திறமைக்கு அது தகும். கொஞ்ச நாளில் மேகி மறுபடி கீழே போனார்.

பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்று எல்லாரும் எழுதினார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அந்த 1,155 ஆட்டமும் ஆட்டம்தானே? டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்த்த ஜனங்கள் இருந்தார்கள், பிள்ளைகள் கையெழுத்துக்கு நின்றார்கள், அவர் ஒவ்வொரு நாளும் சரியாக ஆட வேண்டியிருந்தது. உன் ஆய்வகத்து வருஷங்களை "வீணாப்போன காலம்" என்று நீ சொல்வதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அந்த வருஷங்கள் இல்லையென்றால் இந்த ஒரு செமஸ்டருக்கு உன்னை யார் கூப்பிடுவார்கள்?

சரி, அதற்கப்புறம் என்ன என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. வாடகை, மாமாவிடம் வாங்கிய கடன் எல்லாம் அப்பா பார்த்துக்கொள்வார், பேசிவிட்டோம். நீ வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் என்று எழுதிப் போடு.

முதல் வகுப்பு என்றைக்கு என்றும் சொல். நீ பாடம் நடத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. வெளியாள் வரலாம் என்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்கிறோம். அப்பாவைக் கைதட்ட வேண்டாம் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா