ஒசாகாவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள கண்ணு,

பொங்கலுக்கு வந்திருந்தபோது என் கைப்பேசியில் நீ ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போன, ஸ்காட், ரிவர்ஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பாடிய ஜப்பானிய மொழி ஆல்பத்தை முழுவதுமாகக் கேட்டுவிட்டேன். ராக் இசை எனக்குப் பழக்கமில்லாதது என்று தெரிந்தும் கொடுத்திருக்கிறாய் என்றால், அதில் அம்மாவுக்கு என்று ஏதோ இருக்க வேண்டும் என்றே எண்ணிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு குறைந்துபோன இந்த மாதங்களில் உன் குரலைவிட அந்த இரண்டு பேரின் குரலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன்.

பாட்டு சொல்லிக்கொடுப்பவளாக முதலில் எழுதுகிறேன். அமெரிக்க ராக் குழுவான வீசரின் ரிவர்ஸ் குவோமோவும், சிகாகோவின் அலிஸ்டர் குழுவில் பாடி பேஸ் கிட்டார் வாசித்த ஸ்காட் மர்ஃபியும் தாய்மொழியான ஆங்கிலத்தில் பாடிப் பெயரெடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள் 2013 மார்ச்சில், தங்கள் இரண்டு பெயரையே ஆல்பத்துக்கும் வைத்து, ஜப்பானியர்கள் முன்னால் அவர்கள் மொழியிலேயே பாடிக்கொண்டு புதுமுகங்களாக வந்து நின்றது சாதாரணக் காரியம் இல்லை. ஆங்கிலத்தில் ஓர் அசையை அழுத்திவிட்டு அடுத்ததை விழுங்கிவிடலாம். ஜப்பானியத்தில் எழுத்துக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, இரட்டிக்கும் மெய்க்குத் தனியாக ஒன்று என்று நீதான் எனக்கு விளக்கினாய். குறிலும் நெடிலும் பிரித்துச் சொல்லி வளர்ந்த நமக்கு அது வசப்படும். அவர்களோ நாக்கையே புதிதாகப் பழக்கியிருக்க வேண்டும். கிட்டார் அத்தனை உரத்து ஒலிக்கும்போதும் எழுத்துகள் நசுங்காமல் வருவதைக் கேட்டபோது, யாரோ பொறுமையாகப் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள் என்று தோன்றியது. உச்சரிப்பில் அயல்வாடை கொஞ்சம் உண்டு என்று நீ சொன்னாய். இருந்துவிட்டுப் போகட்டும். தெலுங்கு பேசத் தெரியாமலே தியாகராஜர் கீர்த்தனைகளை ஆயுள் முழுவதும் பாடுகிற என்னைப் போன்றவர்களுக்கு அதைக் குறை சொல்ல வாயில்லை. பொருளைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பார் என் குரு. இவர்கள் அதற்கும் ஒரு படி மேலே போய், அந்த மொழியிலேயே பாட்டும் எழுதியிருக்கிறார்கள்.

ரிவர்ஸ் சிறுவனாக இருந்தபோது கனெக்டிகட்டில் சுவாமி சச்சிதானந்தரின் ஆசிரமத்தில் வளர்ந்தவர் என்று நீ சொன்னதை அப்பாவிடம் சொன்னேன். நம் கோவைப் பக்கத்துச் செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்து, 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்தவர் அல்லவா அவர்! அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தப் பாடகர்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. அப்பாவைப் பற்றி நீ அதிகம் பயப்பட வேண்டியதில்லை என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

என் மனத்தில் நின்றது வேறொன்று. ஹார்வர்டில் படித்துக்கொண்டு, கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தனிமையில் வாடிய நாட்களில், ஜப்பானிலிருந்து ஓர் இளம் ரசிகை எழுதிய கடிதத்தை வைத்து ரிவர்ஸ் ஒரு பாட்டு எழுதினார்; 1996இல் வந்த வீசரின் பிங்கர்ட்டன் ஆல்பத்தில் அது இருக்கிறது. 2006இல் கியோகோ இட்டோ என்ற ஜப்பானியப் பெண்ணை மணந்தார். ஜப்பானிய மொழி ஆல்பம் அதற்கும் பல வருடங்கள் கழித்துத்தான் வந்தது. முகம் தெரியாத பெண்ணை நினைத்துத் தன் மொழியில் ஏங்குவது எளிது, கண்ணு. வாழ்க்கைத் துணையாக வந்தவளின் மொழிக்குள் தானே போய், அங்கே பிழை வருமோ என்ற கூச்சத்தையும் தாங்கிக்கொண்டு பாடுவதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் தன் அம்மாவிடம் எப்போது சொல்லியிருப்பார் என்றும் நினைத்துப் பார்த்தேன்.

ஜப்பானியப் பாடகி கிமுரா கயேலா 2009இல் பாடிய, ஜப்பானில் திருமண விருந்துகளில் விரும்பிப் பாடப்படும் 'பட்டர்ஃபிளை' என்ற பாட்டையும் இந்த ஆல்பத்தில் இவர்கள் பாடியிருக்கிறார்கள். எல்லாப் பாட்டையும் விட்டுவிட்டு அதற்கு மட்டும் நீ இதயக் குறி போட்டு வைத்திருக்கிறாய். பெண் குரலுக்கு எழுதிய மெட்டை ஆண்கள் எடுத்துப் பாடியிருப்பது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

நீ ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்2 என்ற இரண்டாவது உயர்ந்த நிலையைத் தேறியதை வடவள்ளி அத்தை மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். எத்தனை பெருமையாக இருந்தது தெரியுமா! அந்தப் பெருமையை உன் வாயால் கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற வருத்தமும் கூடவே இருந்தது. வேலைக்கு என்2 தேவையில்லை என்று போன வருடம் நீயே சொன்னாய். நன்றாகப் படி; எழுத்துக்கு எழுத்து பழகு; யார் சொல்லிக்கொடுத்தாலும் மரியாதையோடு கேட்டுக்கொள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பேசு. அரை மணி நேரம் வேண்டாம், பேசினால் போதும்.

கயேலா பாடிய மூலப் பாட்டையும் அனுப்பிவை. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில், குறில் நெடில் பார்த்து, எழுதிக் கொடுத்தால் நான் பாடிப் பழகிக்கொள்வேன். உனக்கு நேரமில்லை என்றால், உனக்குச் சொல்லிக்கொடுப்பவர்களையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்து அனுப்பினாலும் சரி. சித்திரையில் வருகிறேன் என்றாயே, தனியாகத்தான் வருகிறாயா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடு. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா