அறநெறிப் பாடசாலைத் தளபாடத் திருப்பணி: நிறைவு அறிக்கை

சந்தா கட்டிய எல்லாருக்கும் வணக்கம். மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் அறநெறிப் பாடசாலைக்கும், மற்ற நாட்களில் அதே இடத்தில் நடக்கும் முன்பள்ளிக்குமான தளபாட வேலை முடிந்துவிட்டது. வாங்கு, மேசை, சின்னக் கதிரை எல்லாம் மாசி மகத்தன்று பிள்ளைகளிடம் கொடுத்தாயிற்று. வரவு செலவு, பற்றுச்சீட்டுகளோடு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது, அதை இங்கே திரும்ப எழுதப்போவதில்லை. எழுத வேண்டியது பெயின்ட் விஷயம்தான், ஏனென்றால் காலையில் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்களத்திலிருந்து வாட்ஸ்அப் வரைக்கும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: கோபுர வேலையில் மிஞ்சிய பெயின்ட் டின் டின்னாகக் கிடக்கும்போது புதுப் பெயின்டுக்கு எதற்குக் காசு, சாமிக்கு ஆகிற பெயின்ட் பிள்ளைக்கு ஆகாதா?

ஆகாது. கோபுரத்தை யாரும் கடிப்பதில்லை. பழைய வாங்குகளின் விளிம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்வரிசை வாங்கு முழுக்கப் பால்பல் தடம், அந்த இடத்தில் பச்சைப் பெயின்ட் போய், அதன் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு மண்ணிறம் தெரிந்தது. அந்தப் பெயின்ட் எல்லாம் எங்கே போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரச்சினை ஈயம். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் பளிச்சென்று நிற்க ஈயக் குரோமேட்டைச் சேர்ப்பது நெடுங்கால வழக்கம், எண்ணெய்ப் பெயின்ட் சீக்கிரம் காயவும் ஈயம் சேர்ப்பார்கள். உடம்பில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய்க்குள் போகும் ஈயத்தில் பெரியவர் உடம்பு இழுப்பதைப்போல 4, 5 மடங்கு சின்னப் பிள்ளையின் உடம்பு இழுத்துக்கொள்ளும், அது போய்த் தாக்குவது மூளை வளர்ச்சியை. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இரத்தச்சோகை அதிகம், இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் கூடுதலாக இழுக்கும்.

நம் இலங்கையில் இதற்குச் சட்டம் இருக்கிறது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் விதி 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்களுக்கு அடிக்கும் பெயின்டில் கிலோவுக்கு 90 மில்லிகிராம் ஈயம் வரை போகலாம் என்றும், சாதாரண எனாமலுக்கு 600 வரை என்றும் வைத்தார்கள். அதாவது கதவு, கேட்டுக்குச் சட்டப்படி சரியாக இருந்த எனாமல்கூட பிள்ளையின் கதிரைக்குச் சரி என்று சொல்ல முடியாது. அப்புறம் வெளிச்சுவர்ப் பெயின்டில் பாசியும் பூஞ்சணமும் பிடிக்காமலிருக்க மருந்து கலந்திருக்கும். நம் மழைக்கும் பனிக்கும் கோபுரத்துக்கு அது வேண்டியதுதான், பிள்ளை உட்காரும் இடத்துக்கு எதற்கு?

எனவே வாங்கியது தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் எனாமல். டின்னில் மூன்று விஷயம் பார்த்தோம்: ஈயம் சேர்க்கவில்லை என்று எழுதியிருக்கிறதா, உள்ளே பாவிக்கும் மரத் தளபாடத்துக்கென்று இருக்கிறதா, ஐரோப்பியப் பொம்மை நியமமான இ.என். 71-3 இலக்கம் இருக்கிறதா. அந்த நியமம் நல்ல நியமம் என்பது எங்கள் எண்ணம், ஏனென்றால் அதில் காய்ந்த பெயின்டைச் சுரண்டி எடுத்து, வயிற்று அமிலம் போன்ற ஒரு கரைசலில் 37 பாகை சூட்டில் இரண்டு மணித்தியாலம் வைத்து, ஈயம், கட்மியம், ஆர்சனிக் போன்றவை எவ்வளவு கரைந்து வருகின்றன என்று அளப்பார்கள், பிள்ளை விழுங்கினால் நடப்பது கிட்டத்தட்ட அதுதானே. ஹட்டனில் ஒரு கடைக்காரர் "இதில் மணமே இல்லை, பயப்படாமல் அடியுங்கள்" என்று வேறொரு டின்னை நீட்டினார். மணம் இல்லையென்றால் ஆவியாகும் கரைப்பான் குறைவு என்றுதான் அர்த்தம், ஈயத்துக்கு மணம் கிடையாது.

சுவருக்கு அடிக்கும் இமல்ஷன் மலிவுதானே என்று கேட்டவர்களுக்கு: அது தளபாடத்தில் நிற்காது. அழுக்கை உறிஞ்சும், ஈரத்துணியால் நாலு தரம் தேய்த்தால் கையோடு வந்துவிடும்.

பழைய வாங்குகளில் பெயின்ட் நன்றாகப் பிடித்திருந்தவற்றை மட்டும் எடுத்து, மண்டபத்துக்கு வெளியே, தண்ணீர் தொட்டுத் தொட்டு சாண்ட் பேப்பர் போட்டோம். உலரத் தேய்த்தால் தூசு பறக்கும், ஈயம் உள்ளே போக அதைவிட லேசான வழி இல்லை. வந்த சேற்றைக் கானில் கழுவி விடாமல் பையில் கட்டினோம். இரும்புக் கால் கதிரைகளில் ஆரஞ்சு கலந்த சிவப்பாக ஒரு பழைய துருத்தடுப்புப் பூச்சு தெரிந்தது, ஈயத்தில் செய்யும் செவ்வீயப் பூச்சாக இருக்கலாம் என்று ஆசாரி சொன்னதால் அவற்றைத் தொடாமலே ஒதுக்கினோம். பெயின்ட் உரிந்து தொங்கிய வாங்குகளும் அப்படித்தான். அவற்றை விறகுக்குக் கேட்டவர்கள் மூன்று பேர், கொடுக்கவில்லை என்று இன்னும் கோபத்தில் இருக்கிறார்கள். அந்தப் பலகையை அடுப்பில் வைத்தால் ஈயம் புகையாகவும் சாம்பலாகவும் லயத்துக் காம்பராவுக்குள்ளேயே நிற்கும். கோபம் இருந்துவிட்டுப் போகட்டும். அவை இப்போது ஸ்டோரில் பூட்டிக் கிடக்கின்றன, பிரதேச சபையிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தைப்பூசத்துக்குக் கொடுப்பதாகச் சொன்னது மாசி மகத்துக்குப் போனதும் பெயின்டால்தான். கை வைத்தால் ஒட்டாது என்பதும் முழுக்க இறுகிவிட்டது என்பதும் வேறு வேறு. தண்ணீர் எனாமல் முழுதாக இறுக மூன்று, நான்கு கிழமை ஆகும், குளிரிலும் ஈரக்காற்றிலும் அதற்கு மேலும் இழுக்கும். 10 பாகைக்குக் கீழே அது சரியாகப் படலமே ஆகாது, தை மாதத்து விடியற்காலை நம் மலையில் எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். அதனால் பனி விலகி வெயில் ஏறிய பிறகு தொடங்கி, மூன்று மணிக்குள் தூரிகையைக் கழுவிவிட ஏற்பாடு. பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை, ஒவ்வொரு கைக்கும் இடையில் லேசாகத் தேய்ப்பு. இறுகுமுன் கதிரைகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது பெயின்ட் தோலாகக் கழன்று வரும், அதனால்தான் மண்டபம் முழுக்கப் பரப்பி வைத்து பஜனையைக்கூட வெளியில் நடத்த வேண்டி வந்தது. பொறுத்துக்கொண்ட பஜனைக் குழுவுக்கு நன்றி. நிறம் மஞ்சள், பிள்ளைகளின் வாக்கெடுப்பு.

இனி ஆசிரியைகளிடம் சில கேட்பு. ஈரத்துணியும் கொஞ்சம் சவர்க்காரமும் போதும், பிளீச் வேண்டாம், இரும்புப் பஞ்சு வேண்டவே வேண்டாம். எங்காவது உரிந்தால் செயலாளரிடம் சொல்லுங்கள், தொட்டு அடிக்க அதே பெயின்டில் ஒரு டின் மிச்சம் இருக்கிறது, அடித்த திகதி எழுதி ஸ்டோர் மேல்தட்டில் வைத்திருக்கிறோம். கோபுர டின்கள் கீழ்த்தட்டில், சிவப்பு நாடா சுற்றியவை. அவற்றைக் கேட்டு யாரும் வர வேண்டாம், அடுத்த ஆடித் திருவிழாவுக்கு முன் மதில் சுவருக்கு அடிக்கத் தீர்மானமாகிவிட்டது.