'காலை வாரினார்' என்றால் எந்த வாரல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கும்போது கால் வருகிற மரபுத்தொடர்களில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'கோல்ட் ஃபீட்' என்றால் கடைசி நேரத் தயக்கம். ஜெர்மன்காரருக்கும் அப்போது கால்தான் குளிர்கிறது. தமிழில் 'மாப்பிள்ளைக்குக் கால் சில்லிட்டது' என்று போட்டால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்றுதான் கேட்பார்கள். 'பின்வாங்கிவிட்டார்' போதும்.

'புல்லிங் ஹிஸ் லெக்' வெறும் கேலி. நம் 'காலை வாரிவிட்டார்' நம்பவைத்துக் கவிழ்ப்பது. களியக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், மலையாளக் 'காலுவாரல்' இன்னும் கறார்: தேர்தலில் சொந்தக் கட்சிக்காரரே வேட்பாளருக்கு உள்ளடி வேலை பார்ப்பது. அமைச்சர் ஆங்கிலத்தில் விளையாட்டாகச் சொன்னதை இப்படிப் பெயர்த்தால் மறுநாள் மறுப்பறிக்கை வரும், வேறென்ன!

ஸ்பானியர் இடது காலை ஊன்றி எழுந்தால் அன்றைய நாள் விளங்காது. நமக்கு அது 'யார் முகத்துல முழிச்சேனோ'. மலையாளத்திலும் அப்படியே, காலையில் யாரைக் 'கணி' கண்டோம் என்ற புலம்பல். வாய்க்குள் காலை விட்டுக்கொள்ளும் ஆங்கிலேயருக்கு 'நுணலும் தன் வாயால் கெடும்'. தன் காலில் தானே சுட்டுக்கொள்பவர், நம்மூரில் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்பவர்.

வழி எளிது. ஆங்கிலத் தொடரை மூடிவைத்துவிட்டு, நடந்ததை ஒரே வரியில் வெறும் தமிழில் எழுத வேண்டும். பிறகு அந்த வரிக்கு வழக்கு இருக்கிறதா என்று தேடலாம். இல்லாவிட்டால் அந்த வரியே அச்சுக்குப் போகட்டும். 'சொந்தக் காலில் நிற்பது' மட்டும் ஆங்கிலம், தமிழ், மலையாளம் மூன்றிலும் அப்படியே செல்லும்.

மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்,
களியக்காவிளை