ஏழரை மணி போன்

கண்ணு,

நல்லாருக்கியா சாமி. இங்க ஐப்பசி மழை புடிச்சுக்கிச்சு, மூணு நாளா களத்துல கொப்பரை காயப்போட முடியல, தார்ப்பாயப் போத்தி வெச்சுட்டு உங்கப்பா திண்ணைல உக்காந்து மேகத்த வஞ்சுட்டு இருக்காங்க. வாட்ஸப்புல ரெண்டு வரி போட்டா நீ கட்டை விரல் ஒண்ணைக் காட்டிட்டுப் போயிருவ, அதனால இன்னைக்கு நிதானமா உக்காந்து முழுசா அடிக்கறேன். ஒத்தை விரல்லதான் அடிக்கறேன், தப்பு இருந்தா நீயே சேத்துப் படிச்சுக்க.

திங்கக்கெழம காலைல உன்னைய அப்படி வஞ்சுபோட்டேன்ல, அதப்பத்திதான். ஏன் வஞ்சேன்னு உனக்கு முழுசாத் தெரியாது.

ஞாயித்துக்கெழம ராத்திரி உனக்கு 9 மணி, எனக்கு திங்கக்கெழம காலைல ஆறரை. நீ நியூயார்க் போன நாள்ல இருந்து இதுதான் கணக்கு. பால் கறந்து சொசைட்டிக்கு அனுப்பிட்டு காப்பிய எடுத்துட்டு திண்ணைல வந்து உக்காந்தா போன் வந்துரும், காப்பி ஆறுனதே இல்ல. அன்னைக்கு ஆறரை ஆச்சு, ஆறே முக்கால் ஆச்சு, காணோம். நான் நாலு தடவ போட்டேன், சுவிச் ஆஃபுன்னு ஒருத்தி இங்கிலீஷ்ல சொல்லறா. உங்கப்பாகிட்ட சொன்னா, தூங்கியிருப்பா விடுன்னு பேப்பரை விரிச்சுக்கிட்டாங்க. எனக்கு அப்படியா இருக்கும்? ராத்திரி நேரம், சுரங்க ரயிலு, முன்னப்பின்ன தெரியாத ஊரு, எந்தெந்த செய்தி எல்லாம் எப்பவோ டிவில பாத்தனோ அத்தனையும் வரிசையா வந்து நிக்குது. செவலக் கன்னு கத்துது, அதுக்குத் தண்ணி காட்டக்கூடத் தோணல. ஏழேகாலுக்கு சிவன்மலை முருகனுக்கு ஒரு ரூவா முடிஞ்சு வெச்சேன், நெசமா.

ஏழரைக்கு நீ கூப்பட்ட. "அம்மா, இன்னைக்கு எனக்கு 25 மணி நேரம் தெரியுமா, ராத்திரி கடிகாரத்தப் பின்னாடி திருப்பிட்டாங்க, ஒரு மணி நேரம் எச்சாத் தூங்குனேன்"ன்னு சிரிச்சுட்டே சொல்லற. நவம்பர் மொத ஞாயித்துக்கெழம விடிகாலை 2 மணிய மறுக்கா 1 மணி ஆக்கிருவாங்களாம், உனக்கு 9 மணி மாறவே இல்ல, எனக்குத்தான் ஆறரை ஏழரை ஆகிப்போச்சு. உனக்கு சும்மா கெடச்ச அந்த ஒரு மணி நேரம் எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும், என்ற வயித்துல புளியக் கரைச்சு எடுத்தது அது. ஏழரைன்னாலே நம்மூர்ல சனிதான்.

அந்தக் கடுப்புல, சரி ரெண்டு நாளா என்ன பண்ணுனேன்னு கேட்டா, "ஒண்ணும் பண்ணலம்மா, சும்மா சுத்துனேன், கப்பல்ல போயிட்டு வந்தேன்"ங்கற. எங்க போனே? எங்கயும் போகல, அக்கட்டக் கரைக்குப் போயி இறங்கி அதே கப்பல்ல திரும்பி வந்தேன்ங்கற. அப்பத்தான் வாயில வந்துருச்சு, லோனு வாங்கி உன்னைய அனுப்புனது சும்மா போயி சும்மா வர்றதுக்கான்னு. நீ ஒண்ணும் எதுத்துப் பேசல. "சரிம்மா, படிக்கறேன்"ன்ன. அந்த 'சரிம்மா'ல எனக்குப் பொக்குனு போச்சு. திட்டுனா திருப்பிக் கத்தற புள்ள நீ.

அன்னைக்கு முச்சூடும் வேலை ஓடல. மத்தியானம் சாப்புட்டு உக்காந்து நீ அனுப்புன போட்டாவ எல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தேன், மொத்தம் 43 இருந்துச்சு. அதுல உன்ற மூஞ்சி இருக்கறது மூணே மூணு. மத்ததெல்லாம் மரம், இலை, ஒரு நாய், கூடை நெறைய ஆப்பிளு, பூசணிக்காய். அந்த யூனியன் ஸ்கொயர் சந்தைல விக்கறவங்கெல்லாம் விவசாயிங்களே நேரா கொண்டாந்து விக்கறதுன்னு சொன்னியே, நம்ம உழவர் சந்தை மாதிரின்னு, அது உங்கப்பாவுக்கு ரொம்பப் புடிச்சுருச்சு. வெலை என்னன்னு கேக்கச் சொன்னாங்க. ரூவாயில மாத்திச் சொல்லாத, நெஞ்சு வலிக்கும்.

அந்த ஒத்தை இலையக் கைல வெச்சு எடுத்திருக்கியே, அதப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன். நடுவால நரம்பு மட்டும் மஞ்சளா, ஓரமெல்லாம் செவப்பா, காம்புகிட்ட மட்டும் துளி பச்சை ஒட்டிட்டு இருக்குது. மஞ்சள் கலரு இலைக்குள்ள மொதல்ல இருந்தே இருக்குது, பச்சை மூடி வெச்சிருக்கும், கூதல் வந்து பச்சை போனதும் வெளிய தெரியுது, செவப்பு மட்டும் சில மரத்துல அப்பப் புதுசா உண்டாகறதுன்னு எழுதியிருந்த. நம்ம கட்டுத்தரைக் கன்னுக்குட்டிய நெனச்சுக்கிட்டேன். காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவப்பு, ஆறு மாசம் ஆனா செவப்பு போயி சாம்பல் கலரு மயிலை ஆயிரும். நீ சின்னப்புள்ளைல ஒரு நாள் இஸ்கூல் விட்டு வந்து, என்ற கன்னுக்குட்டிய மாத்திட்டாங்கன்னு அழுத பாரு, அது ஞாபகம் இருக்குதா.

அங்க மரமெல்லாம் கொட்டுதுன்னா இங்க நேர்மாறு. கோடை பூரா மொட்டைக் குச்சியா நின்ன கிளுவை வேலி இப்பத்தான் மழையில தளுத்துருக்குது, கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு முழங்காலு உசரம். நம்மூர்ல இலை கொட்டறது வெய்யிலுக்குத் தண்ணிய மிச்சம் புடிக்க, மாசி பங்குனில. அங்க கூதலுக்குக் கொட்டுது. எதுக்கு பயப்படுதோ அதுக்குத் தக்கன கொட்டும் போல.

அப்புறம் அந்தக் கப்பலு. சரி, அதுலயும் நான் வெவரம் தெரியாமத்தான் பேசிப்போட்டேன். நீ எதோ நூறு டாலர் குடுத்து உல்லாசக் கப்பல்ல போயிட்டு வந்தயாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். உன்ற தம்பிதான் சொன்னான், ஸ்டேட்டன் ஐலண்ட் போற கப்பலுக்கு 1997ல இருந்து டிக்கெட்டே இல்ல, ஆரு வேணா ஏறலாம், ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும், ஒரு தடவ போக 25 நிமிசம், வேலைக்குப் போறவங்க தெனம் அதுலதான் போறாங்கன்னு. நம்ம பொம்பளைகளுக்கு டவுன் பஸ்ஸு ஃப்ரீ மாதிரி. போறப்ப வலது கைப்பக்கம் நின்னா சுதந்திர தேவி சிலை தெரியுமாமே, போட்டாவுல அது கட்டை விரல் அளவுக்குத்தான் இருக்குது, அதுக்குப் பக்கத்துல எவனோ ஒருத்தன் தொப்பி பெருசா வந்துருக்குது. பரவால்ல. அந்த ஆரஞ்சுக் கப்பல் நல்லாருக்குது.

ஞாயித்துக்கெழம ஓட்டப்பந்தயம் பாக்க ரோட்டோரமா நின்னேன்னியே, அதுதான் எனக்கு இன்னும் புரியல. அம்பதாயிரம் பேருக்கு மேல 42 கிலோமீட்டர் ஓடறாங்க, அதுல உனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தருமில்ல, சட்டைல எழுதியிருக்கற பேரப் படிச்சுப் படிச்சு நீ கத்துனியா? தொண்டை கட்டிக்கிற அளவுக்கா? உங்கப்பாதான் சொன்னாங்க, இதுல என்ன இருக்குது, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போறவங்களுக்கு நாம தாராபுரம் ரோட்டுல நின்னு மோர் குடுக்கலயா, அவங்கள நமக்குத் தெரியுமான்னு. உங்கப்பா எப்பவாச்சும் ஒண்ணு சொல்லுவாங்க, சரியாச் சொல்லிருவாங்க.

பொழுதோட 7ஆம் நம்பர் ரயிலப் புடிச்சு கடசி ஸ்டாப்பு ஃப்ளஷிங் போயி, 1977ல கும்பாபிஷேகம் ஆன அந்தப் பிள்ளையார் கோயில்ல சாமி கும்புட்டுட்டு கீழ கேன்டீன்ல தோசை தின்னேன்னு சொன்னதுல எனக்கு மனசு நெறஞ்சுருச்சு. சாமி கும்புட்டியா, இல்ல நேரா கேன்டீனுக்கே இறங்கிட்டியான்னு நான் கேக்க மாட்டேன், பிள்ளையாருக்குத் தெரியும்.

இப்ப ஒண்ணு சொல்லறேன், உன்ற அப்பாவுக்கே தெரியாது, தம்பிகிட்டயும் வாயத் தொறந்துறாத.

நான் கோயமுத்தூர்ல ஹாஸ்டல்ல இருந்து பிகாம் படிச்சப்ப, 1996ன்னு நெனைக்கறேன், இதே மாதிரி ஐப்பசில ஒரு ஞாயித்துக்கெழம, நானும் ரூம்ல கூட இருந்த பொள்ளாச்சிப் புள்ளையும் பெரியம்மா வீட்டுக்குப் போறோம்னு நோட்டுல எழுதி வெச்சுட்டு ஜங்சன்ல மேட்டுப்பாளையம் பாசஞ்சர்ல ஏறிட்டோம். எதுக்குப் போனோம்? ஒண்ணுத்துக்கும் இல்ல. அவளுக்கு ரயில் ஜன்னல்ல உக்காந்து கொய்யாக்கா தின்னணும், அவ்வளவுதான். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடைன்னு நின்னு நின்னு போச்சு, மேட்டுப்பாளையத்துல இறங்கி பவானி ஆத்துல காலைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருந்தோம், தண்ணி செவச் செவன்னு வந்துச்சு, மலைல மழை. பேசுனதெல்லாம் ஒண்ணும் ஞாபகமில்ல. பொழுதோட ஸ்டேஷனுக்கு வந்தா ஊட்டி ரயிலு இறங்கி வந்து நிக்குது, கரி எஞ்சின், ஆவி புஸ்ஸு புஸ்ஸுன்னு. அங்க எண்ணெய்க் கேனோட நின்ன ஒரு பெரியவரு சொன்னாரு, மலை ஏறறப்ப எஞ்சின் பின்னால இருந்து பொட்டிய நெட்டிட்டுப் போகும், இறங்கறப்ப முன்னால இருந்து புடிச்சு நிறுத்தும், எப்பவும் பள்ளத்துப் பக்கந்தான் நிக்கும் அம்மிணின்னு. கல்லாறு தாண்டி மலை ஏறற எடத்துல தண்டவாளத்துக்கு நடுவால பல்லு பல்லா ஒரு பட்டை ஓடும், அதுல எஞ்சினோட பல்லுச் சக்கரம் கடிச்சுக்கும், அதக்கூட ரெண்டு கை விரலக் கோத்துக் காட்டுனாரு. திரும்பி வர்றப்ப இருட்டிருச்சு, எனக்கு பயம், அவ தூங்கிட்டா. ஹாஸ்டல்ல கேட்டதுக்கு பெரியம்மா வீட்ல அரிசிம்பருப்பு சாப்பாடுன்னு சொன்னேன். ஆத்தாவுக்கு அந்த வாரம் எழுதுன லெட்டர்ல ஞாயித்துக்கெழம பூராப் படிச்சேன்னு எழுதுனேன்.

மூணு வருசம் ஹாஸ்டல்ல இருந்தேன் கண்ணு. பாடத்துல என்ன படிச்சேன்னு கேட்டா டெபிட்டு கிரெடிட்டு தவுத்து ஒண்ணும் நிக்கல, அந்த எண்ணெய்க் கேனு நிக்குது. கண்ணாலம் ஆகி உங்க ரெண்டு பேரையும் பெத்து, களம், கட்டுத்தரை, ஒறம்பரை, நோம்பின்னு ஓடுனதுல, போறதுக்காகவே போனது அந்த ஒரு நாள்தான். அத இத்தன வருசம் ஆருகிட்டயும் சொல்லாம வெச்சிருந்தவ, உன்னைய சும்மா சுத்துனியான்னு கேட்டேன் பாரு. நீ எங்கிட்ட மறைக்காமச் சொன்ன. நான் எங்காத்தாகிட்டப் பொய்தான எழுதுனேன்.

அதுக்காக எல்லா வாரமும் சுத்தீட்டே இருக்காத. லோனு லோனுதான்.

தேங்காண்ணெய் கட்டியாப் போச்சுன்னு சொன்னியே, அது கெட்டுப்போகல, கூதலுக்கு அப்படித்தான் ஆகும், பாட்டில சித்த நேரம் சுடுதண்ணில வெச்சீன்னா எளகிரும். நம்ம களத்துக் கொப்பரைல ஆட்டுனது, தூக்கிப் போட்டுறாத. காதை மூடற மாதிரி குல்லா வாங்கு. போன சார்ஜுல போட்டு வெய்யி, அதுதான் முக்கியம்.

இன்னொண்ணு. நேத்து மழை துளி விட்டுச்சு. ரேஷன்ல சர்க்கரை வந்துருக்குதாம்னு உங்கப்பாகிட்ட சொல்லிட்டு பையோட ரோட்டுக்கு வந்தேன், சிவன்மலை அடிவாரம் போற டவுன் பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன். 2021ல இருந்து எனக்கும் ஃப்ரீதான், ஆனா ஆசுபத்திரி, பேங்க்கு, எழவு தவுத்து ஒரு நாள் ஏறுனதில்ல. ஜன்னலோரம் எடம் கெடச்சுது. ரெண்டு பக்கமும் கிளுவை வேலி ஈரத்தோட, நடுவால வெள்வேல மரத்தடில மாடு நனைஞ்சுட்டு நிக்குது, தெனம் பாக்கறதுதான், பஸ்ஸுக்குள்ள உக்காந்து பாத்தா வேற மாதிரி இருக்குது. அடிவாரத்துல இறங்கி, முடிஞ்சு வெச்ச ஒரு ரூவாய உண்டியல்ல போட்டுட்டு, பக்தருங்க கனவுல முருகன் சொல்லற பொருள வெக்கற உத்தரவுப் பொட்டில இப்ப என்ன வெச்சிருக்காங்கன்னு பாத்துட்டு வரலாமான்னு மேல நிமுந்து பாத்தேன், மறுக்கா தூறல் புடிச்சுருச்சு. ரூவா முந்தானைலயே இருக்குது, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. வந்த பஸ்ஸே திரும்பி நின்னுட்டு இருந்துச்சு. ஏறி, அதே சீட்டுல உக்காந்தேன்.

கண்டக்டரு சின்னப் பையன், சீட்டுக் கிழிச்சுக் குடுத்துட்டு ஒரு மாதிரியாப் பாத்தான். "ஏனுங்க்கா, இப்பத்தான இறங்குனீங்க, ஏதாச்சும் மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்களா"ன்னான்.

ஆமாந் தம்பின்னு சொல்லிப்போட்டேன்.

திங்கக்கெழம ஏழரைக்கே உக்காந்திருக்கேன்.

உன்ற அம்மா