டிசி புத்தகத்திலிருந்து தொடங்கு, மாப்ள

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும்தான் நிம்மதி. அவரிடம் நான் கேட்டதாகச் சொல். இங்கே சென்னையில் எல்லாரும் சுகம். சின்னவள் ஒன்பதாவது போகிறாள்.

சரி, நீ கேட்ட விஷயம். ஜேப்பியர், மேக், என்8என், பவர் ஆட்டோமேட், ஜோஹோ கிரியேட்டர், கிஸ்ஃப்ளோ என்று ஆபீஸ் வேலையைத் தானாக ஓட்டும் ஆறு சாஃப்ட்வேரின் பெயரை எழுதி, உன் துணிக் கம்பெனிக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறாய். முதலில் ஒன்று புரிந்துகொள், இந்த ஆறும் ஒரே ஜாதி இல்லை. ஜேப்பியர், மேக், என்8என் மூன்றும் குழாய் மாதிரி, ஏற்கெனவே ஓரிடத்தில் இருக்கும் தகவலை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். பவர் ஆட்டோமேட்டும் பெரும்பாலும் அந்த வேலைதான், ஆனால் மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்குத்தான் அது லாபம், நீங்கள் ஜிமெயிலும் கூகுள் ஷீட்டும் ஓட்டுகிறவர்கள், அதை விட்டுவிடு. கிரியேட்டரும் கிஸ்ஃப்ளோவும் வேறு. அதில் ஃபார்மை நீயே செய்யலாம், தகவல் அங்கேயே இருக்கும், யார் அப்ரூவ் செய்ய வேண்டும் என்பதும் அங்கேயே ஓடும். இரண்டும் நம்ம ஊர் கம்பெனிகள், சென்னையில் இருப்பவை, கிரியேட்டர் 2006லிருந்து இருக்கிறது.

உன் கம்பெனியில் இப்போது என்ன நடக்கிறது? துணி சாயப்பட்டறைக்குப் போகும்போது டிசி (துணியோடு போகும் டெலிவரி சலான்) புத்தகத்தில் கையால் எழுதுகிறீர்கள், கார்பன் காப்பி உள்ளே, வெள்ளைத் தாள் வண்டியோடு போகிறது. திரும்பி வரும்போது எடையை இன்னொரு நோட்டில் எழுதி, சாயங்காலம் டிசி எழுதும் பொண்ணு ஷீட்டில் ஏற்றுகிறாள். அதாவது கம்ப்யூட்டருக்குத் தகவல் வருவதே ராத்திரிதான். இதில் நீ என்னதான் பெரிய குழாய் வாங்கிப் போட்டாலும் உள்ளே ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் உனக்கு முதலில் தேவை கேட்டிலேயே போனில் தட்டக்கூடிய ஒரு டிசி ஃபார்ம்.

உனக்கு டெமோ காட்டியவர் லீவு லெட்டர் அப்ரூவலை ஓட்டிக் காட்டினார் என்று எழுதியிருந்தாய். எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள், அது எதில் செய்தாலும் அழகாக ஓடும். நீ உன் லாட் ஒன்றை, அதாவது சேர்த்துச் சாயத்துக்கு அனுப்பும் ஒரு தொகுதித் துணியை, கொடுத்து ஓட்டச் சொல். 312 கிலோ கிரே துணி (சாயம் போடாதது) போகிறது என்று வை, 289 கிலோ வருகிறது, 23 கிலோ குறைவு, ஏழு சதவீதத்துக்கு மேல். பட்டறையோடு 6 சதவீதம் வரை குறையலாம் என்று பேசியிருந்தால் 18.7 கிலோதான் போகலாம், மீதி நாலு கிலோ சொச்சத்துக்கு நீ பில்லில் பிடிக்க வேண்டும். இது சுலபமான கணக்கு. ஆனால் துணி ஒரே தடவையில் எப்போது வந்திருக்கிறது? முதலில் 180 வரும், நாலு நாள் கழித்து 70, நடுவில் ஷேடு சரியில்லை என்று கொஞ்சம் ரீ-டையிங்குக்கு, அதாவது மறுபடி சாயம் போட, திரும்பப் போகும். லாட் முடிந்தது என்று யார் சொல்வது, அதற்கு முன்னால் குறைவைக் கணக்குப் போட்டு உனக்கு அலாரம் அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு வாரத்தில் யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். இதை அவர் உன் கண்முன்னால் செய்து காட்டட்டும். இன்னொன்றையும் கேள்: ஜாப் ஒர்க்குக்கு (இப்படி வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலைக்கு) போன துணி ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் ஜிஎஸ்டியில் அது போன அன்றைக்கே விற்றதாக ஆகிவிடும் இல்லையா, அதனால் பத்து மாதம் தாண்டிய டிசி எல்லாம் தானாக உனக்கு வர வேண்டும். இந்த ஒன்றுக்காகவே செலவு செய்யலாம் என்பேன்.

பணத்தைப் பொறுத்தவரை, ரேட்டைப் பார்க்காதே, எதை எண்ணிக் காசு வாங்குகிறார்கள் என்று பார். ஒரு நாளைக்கு 60 டிசி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வேலை, மாதம் 26 நாள் என்றால் ஜேப்பியரில் 7,800 டாஸ்க், அங்கே ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க். என்8என் கிளவுடில் அதே வேலை 1,560தான், அவர்கள் ஒரு முழு ஓட்டத்தை ஒன்றாக எண்ணுகிறார்கள். மேக்கில், ஷீட்டில் புது வரிசை வந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதும் கணக்கில் ஏறும், 15 நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் ஒன்றுமே நடக்காத மாதத்திலும் மூவாயிரம் பக்கம் போய்விடும். கிரியேட்டரில் தலைக்கு இவ்வளவு என்பதுதான் அடிப்படை, அதனால் நிஜமாக லாகின் தேவைப்படுகிறவர் யார் யார் என்று எழுதிப் பார். ஃப்ளோரில் இருக்கும் எல்லாருக்கும் வேண்டாம்.

உன் மச்சினர் பையன் என்8என் இலவசம், நம்ம சர்வரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்கிறான் என்றாயே, அவன் சொல்வது உண்மைதான். சொந்தக் கம்பெனி வேலைக்கு ஓட்ட காசு வேண்டாம். எனக்கும் அது பிடித்த சாமான், ஆபீஸில் தினமும் அதில்தான் வேலை. ஆனால் சர்வரை அப்டேட் செய்வது, பேக்கப் எடுப்பது எல்லாம் நம் தலையில். பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் என்கிரிப்ஷன் கீயைத் தனியாக எடுத்து வைக்காவிட்டால், பேக்கப் இருந்தும் எல்லாக் கணக்கையும் முதலிலிருந்து இணைக்க வேண்டியதுதான். ஏதாவது நின்றுபோனால் தகவல் சொல்ல எரர் ஃப்ளோ என்று தனியாக ஒன்று போட வேண்டும், போடாவிட்டால் சத்தமே இல்லாமல் நிற்கும். அந்தப் பையன் அடுத்த வருடம் மாஸ்டர்ஸ் படிக்க வெளிநாடு போகிறான். அப்புறம் யார் பார்ப்பது? எனக்குத் தெரிந்த ஒரு ஆபீஸில் எரர் மெயில் எல்லாம் வேலையை விட்டுப் போனவரின் ஐடிக்கே போய்க்கொண்டிருந்தது, ஆர்டர்கள் தேங்கிக் கிடந்தது கஸ்டமர் கத்திய பிறகுதான் தெரிந்தது. இந்த விஷயத்தில் என் முடிவு இதுதான்: உன் ஆபீஸில் தினமும் இருக்கும் ஒருத்தர் திறந்து பார்த்து, எங்கே நின்றது என்று கண்டுபிடிக்க முடிகிற சாமானை மட்டும் வாங்கு. உன்னிடம் அந்த ஆள், டிசி எழுதும் பொண்ணுதான். ஷீட்டில் விலுக்அப் ஃபார்முலா போடுகிறவள் கிரியேட்டரைக் கற்றுக்கொள்வாள், நிச்சயமாக. அவளை டெமோவில் உட்கார வை, சம்பளத்தையும் கொஞ்சம் ஏற்றிக் கொடு.

கணக்கு எழுதும் டேலியை இப்போதைக்குத் தொடாதே. அது உங்கள் அக்கவுண்ட்ஸ் ரூம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, 9000 போர்ட் என்ற வாசலில் எக்ஸ்எம்எல் வடிவத்தில் தகவல் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும், ஆனால் வெளியே கிளவுடில் இருப்பது நேராக அங்கே வர முடியாது, நடுவில் ஒரு சின்ன புரோகிராம் வேண்டும். டிசி ஃபார்ம் மூன்று மாதம் ஒழுங்காக ஓடட்டும், அந்த இணைப்பை நானே வந்து செய்து தருகிறேன்.

அதற்கு முன்னால், முடிந்துபோன லாட் ஒன்றின் டிசி, வரவு நோட்டுப் பக்கம், பட்டறை பில் மூன்றையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. ரீ-டையிங் போன லாட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் ரூம்மேட்